சுரங்கத்துக்கு முன்னால் கடைசித் திருப்பம்

எகோன் டிராக்ஸ்லர் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக என் மேஜை மேல் ஐரோப்பாவைப் பரப்பினார்.

என் காபிக் கோப்பைதான் எங்கள் ஊர் ஃபில்லாக். சர்க்கரைக் கிண்ணம் ஹங்கேரி. ஸ்டேப்ளர் பெல்கிரேடு. மேஜையின் அந்தக் கோடியில் பாஸ் பாதி கடித்து வைத்திருந்த ஆப்பிள், கிரேக்க நாட்டின் தென்முனை.

"இங்கேருந்து கிராட்ஸ். அங்கேருந்து ஹங்கேரி. அப்புறம் செர்பியா, மாசிடோனியா, கிரீஸ். போக வர அஞ்சு வாரம். ஒரு வருஷமா பிளான் பண்றேன். எங்க டீசல் போடணும், எங்க படுக்கணும், எந்த பார்டர்ல எந்த நேரத்துல கூட்டம் குறைவு, எல்லாம் இங்க இருக்கு." நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"கார் எங்கே இருக்கு?" என்றார் பாஸ்.

"அதுதான் இல்ல. நேத்து திருடிட்டாங்க. சனிக்கிழமை கிளம்பணும்."

வீட்டில் பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல். அறுபத்தாறு வயது. வேலை செய்த காலம் முழுக்க சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். சும்மா உட்கார்ந்திருந்தபோதும் அவர் கைகள் பெரிய ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்திருந்த அகலத்திலேயே இருந்தன.

என் பாஸ் ஓஸ்வால்ட் பிர்க்கர் அதிகம் பேசாதவர். காரவாங்கன் சுரங்கத்து வாசலில் சுங்க அதிகாரியாக இருந்தார். ஒரு டிசம்பரில் ஸ்லோவேனியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் சோதனையே கிடையாது என்று ஆகிவிட்டது. மறுநாள் காலை அவர் வேலைக்கென்று எழுந்து, சீருடை போட்டுக்கொண்டு, அப்புறம் கழற்றினாராம். பிறகுதான் துப்பறியும் உரிமம். டிக்கியில் பெட்டி அடுக்கியிருக்கும் அழகைப் பார்த்தே கணவன் மனைவி பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் ஸீட்டா. போன் எடுப்பேன், கார் ஓட்டுவேன், பாஸ் மனசுக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லி வம்பில் மாட்டுவேன்.

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"இந்நேரம் பார்ட் பார்ட்டா பிரிச்சிருப்பாங்களாம்."

"வண்டி நல்ல நிலைமையில இருந்ததா?"

முதல் முறையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "புது டயர், புது பேட்டரி. இந்த ஒரு வருஷத்துல பிரேக் பேடே ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். மாசம் ஒரு தடவை டெஸ்ட் டிரைவ். ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு, வீட்டுக்கு வந்துடுவேன்."

பாஸ் சர்க்கரைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்கேலை எடுத்துக் காபிக் கோப்பைக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவே நேராக வைத்தேன்.

"சார், சுரங்கத்துல நுழைஞ்சா ஸ்லோவேனியா, அதைத் தாண்டினா குரோவேஷியா, அடுத்தது பெல்கிரேடு. நீங்க எதுக்கு மூக்கைத் தொட தலையைச் சுத்தறீங்க?"

அவர் ஸ்கேலை எடுத்து மெதுவாக ஓரமாக வைத்தார். "அந்தப் பக்கம் ரோடு வேலை நடக்குது."

"ஒரு வருஷமாவா?"

"ஹங்கேரில மீன் சூப் நல்லா இருக்கும்."

பாஸ் எழுந்து கோட்டை மாட்டினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

*

டிராக்ஸ்லர் வீடு திராவு ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவர் மனைவி ரோஸ்விட்டா. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, வாரி முடிந்த தலை. எங்களைப் பார்த்தார், வழிவிட்டார். யார், என்ன என்று ஒரு கேள்வியும் இல்லை.

"காருக்காக வந்திருக்காங்க," என்றார் எகோன்.

"ஆமா. போயிடுச்சு," என்றார் அவர்.

நேற்று மழை பெய்தது என்பதுபோல ஒரு பதில்.

கார் ஷெட் வீட்டுக்குப் பின்னால். மரக்கதவின் கைப்பிடியைத் திருப்பி இழுத்தேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் தோள்தான் வலித்தது.

"அப்படி வராதும்மா. கைப்பிடியைத் திருப்பிக்கிட்டே, இதோ இந்த இடத்துல முட்டியால ஒரு இடி." எகோன் இடித்தார். கதவு சமர்த்தாகத் திறந்தது. அவர் காட்டிய இடத்தில் பெயின்ட் உரிந்து மரம் வழவழப்பாக இருந்தது.

"இந்த வித்தை யார் யாருக்குத் தெரியும்?" என்றார் பாஸ்.

"எனக்கு. ரோஸ்விட்டாவுக்கு. அப்புறம் கிலி..." நிறுத்திக்கொண்டார். "அவ்வளவுதான். சாவி வண்டியிலயேதான் இருந்தது."

"பூட்டை உடைச்ச அடையாளம் இல்லை. அப்ப திருடனுக்கும் முட்டி இருக்கு," என்றேன்.

உள்ளே பயணத்துக்கான சாமான்கள் சுவரோரம் காத்திருந்தன. மடக்கு நாற்காலிகள், குளிர்பெட்டி, கேஸ் அடுப்பு, முதலுதவிப் பெட்டி. சாலையில் வண்டி நின்றுபோனால் போட்டுக்கொள்ளும் மஞ்சள் ஒளிச்சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது.

"ஒண்ணுதான் வாங்கினீங்களா?"

"ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு. ரெண்டையும் இதே ஆணியிலதான் மாட்டினேன்..." எகோன் ஆணியைப் பார்த்துக் குழம்பினார்.

"அடேங்கப்பா. அடுப்பு, நாற்காலி எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே ஒரு மஞ்சச் சட்டையை எடுத்துட்டுப் போயிருக்கான். சட்டத்துக்குப் பயந்த திருடன்!"

பாஸ் சிரிக்கவில்லை. "திருடனுக்குத் தெரியும், வண்டியில ஒருத்தர்தான் போகப்போறோம்னு."

அவர் அலமாரிப் பக்கம் போனார். சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகு ஊற்றிய கல்லறை விளக்குகள் அங்கே வரிசையாக இருந்தன. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிடப்பவைதான். தூசி படிந்த பலகையில் ஒரு விளக்கு இருந்த இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. பிறகு மூலையில் இருந்த குப்பைக்கூடைக்குள் கையை விட்டார். விரல் நீளத்துக்கு மெழுகுத் தாள் ஒன்று. எதையோ உரித்து ஒட்டிவிட்டுக் கசக்கிப் போட்ட பின்தாள்.

எகோன் பார்ப்பதற்குள் அதை என் கோட்டுப் பையில் திணித்தார். என் காதில் மட்டும் விழும்படி, "ஸ்லோவேனியா நெடுஞ்சாலைக்குக் கட்டணம் கட்டிக் கண்ணாடியில ஒட்டற ஸ்டிக்கர்," என்றார். "இதைப் பல்லாயிரம் கண்ணாடியில பார்த்திருக்கேன்."

ஹங்கேரி வழியாகப் போகிற மனிதருக்கு ஸ்லோவேனியா ஸ்டிக்கர் எதற்கு?

எகோனுக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனார். நாங்கள் சமையலறையில் ரோஸ்விட்டாவின் எதிரே உட்கார்ந்தோம். ஈஸ்டருக்குச் செய்த ரைண்ட்லிங் கேக்கின் மிச்சத்தை வெட்டி வைத்தார். தனக்கென்று ஒரு துண்டும் எடுக்கவில்லை.

"நேத்து மத்தியானம் இவர் எங்க இருந்தார்?" என்று கேட்டார் பாஸ்.

"சௌனாக் குளியல்ல. செவ்வாய்க்கிழமைன்னா பழைய டிரைவருங்க எல்லாரும் அங்கதான். சாயங்காலம்தான் வருவார்."

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதா?"

"பஸ் டிரைவர் பெண்டாட்டி எதுக்கு ஓட்டணும்? இருபது வருஷமா ஓட்டல."

"தெரியாதான்னு கேட்டேன்."

"தெரியாதுன்னு நான் சொல்லலையே."

அவருக்குப் பின்னால் சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று, அதன் மேலே ஒரு ஆணி. பாஸும் அதைத்தான் பார்த்தார். "கிலியன் யாரு?"

ரோஸ்விட்டா கத்தியைத் துடைத்து வைத்தார். "பையன். நாலு வருஷம் ஆச்சு. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், யெசெனிட்செ போற பழைய ரோட்டுல. மழை. பைக் சறுக்கிடுச்சு. வேற யார் மேலயும் தப்பில்ல."

"அந்த இடத்துக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"அவர்?"

"அவரா? பையன் பேரையே சொல்றதில்ல. போட்டோவைக் கழட்டிட்டார். இப்ப பாருங்க, அந்த ரோட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு ஹங்கேரியைச் சுத்திக்கிட்டுப் போறார்." குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. "எனக்கும் அழுகை வரல, தப்பா நினைக்காதீங்க. பல்லுக்கு ஊசி போட்டா உதடு இருக்கும், ஆனா நம்மளது இல்லாத மாதிரி இருக்குமே? உடம்பு முழுக்க அப்படித்தான். காபி சூடா இருக்கான்னு அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

என்னிடம் எப்போதும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். அன்று கேக்கைத் தின்றேன்.

*

"பாஸ், சட்டை, விளக்கு, ஸ்டிக்கர், முட்டி. நாலும் அந்த அம்மாவையே காட்டுது. 'காரை எங்கம்மா வெச்சிருக்கீங்க'ன்னு அங்கேயே கேட்டிருக்கலாமே?" காரைக் கிளப்பிக்கொண்டே கேட்டேன்.

"கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுவாங்க. சொன்ன பிறகு அந்தப் பொய்யை ஆயுசுக்கும் காப்பாத்தணும். முதல்ல கார். அப்புறம் கேள்வி."

"கார் எங்கன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும். விளக்கு எடுத்துட்டுப் போனவங்க விளக்கு வைக்கற இடத்துலதான் நிறுத்தியிருப்பாங்க."

பெட்ரோல் பங்கில் எங்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். மலை நெருங்கி வந்தது. சுரங்கத்துக்கு முன்னால் பழைய சுங்கக் கூண்டுகள், கண்ணாடி எல்லாம் அழுக்கேறி, ஆளில்லாமல் நின்றன. அதில் ஒன்றில்தான் பாஸ் வாழ்நாளைக் கழித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

சுரங்கம் நீளமானது. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி இறங்கின. வெளியே வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையைப் பிடித்தோம். இரண்டு வளைவு தாண்டினால், லாரிகள் ஒதுங்கும் சரளைத் திட்டு ஒன்று. ஓரத்தில் ஒரு சிமென்ட் கல். அதன் அடியில் சிவப்பு விளக்குகள்.

கார் இல்லை.

"குழந்தை தப்பாச் சொல்லிடுச்சு," என்றேன்.

பாஸ் குந்தி உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்தார். முப்பதுக்கு மேல் இருக்கும். ஓரத்தில் இருந்தது வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. அடுத்தது பனியில் விரிசல் விட்டிருந்தது. வரிசையில் நகர நகர நிறம் கூடியது. கடைசி விளக்கின் உள்ளே கரி இன்னும் விரலில் ஒட்டியது.

"எல்லாம் ஒரே நாள்ல வெச்சது இல்ல. யாரோ மாசா மாசம் வந்திருக்காங்க."

"வந்ததே இல்லைன்னு அந்த அம்மா கல்லு மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுச் சொன்னாங்களே! முழுப் பொய்யா?"

"இல்ல. உண்மை."

"அப்ப யாரு? பேயா?"

பாஸ் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஸீட்டா, நீ ஏரியைச் சுத்தி ஓட்டியிருக்கியா?"

"ஆயிரம் தடவை."

"மேடு எங்க வரும்?"

"மேடா? தட்டுல ஊத்தின சூப் மாதிரி இருக்கும் அந்த ரோடு."

"அந்த ரோட்டுல மாசம் ஒரு ரவுண்டு போனா, வருஷத்துக்கு ரெண்டு தடவை பிரேக் பேட் தேயுமா? அதுவும் ஆயுசு முழுக்கப் பயணிகளை உட்கார வெச்சு பஸ் ஓட்டின கால்ல?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரிலிருந்து ஸ்லோவேனியாவுக்குச் சுரங்கம் இல்லாமல் இன்னொரு வழி உண்டு. வுர்ட்சன் கணவாய். செங்குத்தான ரோடு. வண்டிகள் கீழே வந்து நிற்கும்போது சக்கரத்திலிருந்து புகைச்சல் நாற்றம் அடிக்கும். நெடுஞ்சாலை இல்லை என்பதால் அதற்கு ஸ்டிக்கர் தேவையில்லை. கண்ணாடியில் ஒரு தடயமும் மிஞ்சாது.

"டெஸ்ட் டிரைவ்," என்றேன். "பாஸ், எகோனா?"

"அவர்தான்."

"அப்ப அந்த ஹங்கேரி?"

"அவருக்கு இந்த ரோடு பழகினது. அவர் பயந்தது மனைவியை நினைச்சு. அவங்க கண்ணுல இந்தக் கல்லு படக்கூடாதுன்னு ஒரு நாட்டையே சுத்தறார்."

லாரி ஒன்று எங்களைக் கடந்தது. விளக்குக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"மனைவி என்ன நினைக்கறாங்க, இவர் பையனை மறந்துட்டார்னு. இவர் என்ன நினைக்கறார், மனைவிக்கு ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு," என்றேன். "நல்ல ஜோடி. சரி, கார்? அது எங்க?"

"நீயே சொல்லு. சட்டை எடுத்து, விளக்கு எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கிளம்பினவங்க இங்க வந்து சேரல."

"சுரங்கத்துக்குள்ள திரும்ப முடியாது. அப்ப அதுக்கு முன்னாலயே திரும்பியிருக்கணும்."

"சுரங்கத்துக்கு முன்னால கடைசித் திருப்பம் எது?"

"ரோசன்பாக் போறது."

"சாயங்காலம் அவர் சௌனாவுலேருந்து வர்றதுக்குள்ள கார் இல்லாம வீட்டுக்கு வந்துட்டாங்க. ரோசன்பாக்ல என்ன இருக்கு?"

நான் ஏற்கெனவே கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். "ரயில்வே ஸ்டேஷன்!"

*

அங்கேதான் நின்றது. சாம்பல் நிற ஸ்டேஷன் வேகன் கார். இரண்டு கார் நிற்கும் இடத்தில் கோணலாக, முன்சக்கரம் புல்லில் ஏறியபடி. கண்ணாடியின் நட்டநடுவே ஸ்டிக்கர் சாய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் மடித்த மஞ்சள் சட்டை. அதன் மேல் கொளுத்தாத விளக்கு.

பாஸ் எகோனுக்குப் போன் செய்தார். "கார் கிடைச்சிருக்கு. உங்க மனைவியோட ரயிலேறி ரோசன்பாக் வாங்க. ஆமா, ரெண்டு பேரும்."

அவர்கள் இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. எகோன் காரைப் பார்த்ததும் வேகமாக வந்து பானட்டின் மேல் கையை வைத்தார். "கீறல்கூட இல்லையே! எந்தப் பயல் இங்க கொண்டுவந்து..."

"நான்தான்," என்றார் ரோஸ்விட்டா.

எகோன் திரும்பினார். எத்தனையோ கேட்டிருக்கலாம். "கிளச்சு என்ன ஆச்சு?" என்றார்.

"மூணு தடவை நின்னுது. அப்புறம் வந்துடுச்சு."

"எதுக்கு?"

"அவன் கிட்ட போகலாம்னு. சனிக்கிழமை நீ என்னை ஹங்கேரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால. சுரங்கம் வரைக்கும் வந்தேன். அது வாயைத் தொறந்துகிட்டு நின்னுது. பக்கத்துல திரும்பிட்டேன். மறுபடி மெயின் ரோட்டுல ஏறத் தெம்பில்ல. விட்டுட்டு ரயில்ல வந்துட்டேன். நீ 'திருடிட்டாங்க'ன்னு சொன்ன. சரின்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ரோஸி."

"உங்கிட்டயா? போட்டோவைக் கழட்டினவன்கிட்டயா?"

எகோனின் கை பானட்டிலேயே இருந்தது. தூறல் அவர் வழுக்கையில் சொட்டுச் சொட்டாக நின்றது. துடைக்கவில்லை.

"டிராக்ஸ்லர் சார்," என்றார் பாஸ், சுங்கக் கூண்டிலிருந்து கேட்கிற அதே தொனியில், "பிரேக் பேட் எங்க தேஞ்சதுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

எகோன் முன்சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

"கணவாய் வழியா போவேன். மாசம் ஒரு தடவை. விளக்கு வெப்பேன். போட்டோவை நீ பார்க்கறப்பல்லாம் கையில இருக்கறதைக் கீழ போட்டுடுவ. அதான் கழட்டினேன். என் பர்ஸுல இருக்கு."

"நாலு வருஷமாவா?"

"முதல் வருஷம் போகல. முடியல. அப்புறம் போனேன்."

ரோஸ்விட்டா அழவில்லை. நான் காத்திருந்தேன், இப்போது அழுவார், இப்போது என்று. அவர் பஸ் நேரம் விசாரிப்பவர் போலக் கேட்டார்: "அங்க எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு கல்லு. லாரிங்க போகும். உட்காரக்கூட இடம் கிடையாது. டிக்கியைத் தொறந்து அதுல உட்கார்ந்துப்பேன்."

"உட்கார்ந்து?"

"சாண்ட்விச் சாப்பிடுவேன். அங்கயாவது அழலாம்னு போறது. வராது."

"எனக்கும் வராது."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதானே படுத்திருக்கேன்."

அப்புறம் ரெண்டு பேரும் சும்மா நின்றார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஆனால் நடுவில் இருந்த இடைவெளி ஒரு காலடி குறைந்திருந்தது. யார் நகர்ந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. துப்பறியும் உதவியாளருக்கு அது குற்றம்.

எகோன் சாவிக்காகக் கையை நீட்டினார். சாவி ரோஸ்விட்டாவின் கோட்டுப் பையில் இருந்தது. எடுத்தார், கொடுக்கவில்லை.

"நான் ஓட்டறேன்."

"சுரங்கத்துலயா? மழையில? லாரி எல்லாம்..." சொல்லிக்கொண்டே போனவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். காரைச் சுற்றி மறுபக்கம் போனார். இருக்கையில் இருந்த சட்டையையும் விளக்கையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெரிய மனிதருக்கு அந்தப் பக்கத்து இருக்கை பழக்கமில்லை. முட்டி இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளும் நெம்புகோலைத் தேடினார். சொந்தக் காரில், கிடைக்கவில்லை.

வண்டி ஒருமுறை உதறி நின்றது. எகோன் வாயைத் திறந்து மூடியது கண்ணாடி வழியே தெரிந்தது. மறுபடி கிளம்பியது. புல்லிலிருந்து இறங்கி, தயங்கி, இண்டிகேட்டர் போட்டு, சுரங்கம் போகும் சாலையில் ஏறியது. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. ரோஸ்விட்டா வேகத்தைக் கூட்டவில்லை.

"பாஸ், பில்லை யார் பேர்ல போடறது? திருட்டே நடக்கல. கார் காணாமலும் போகல. கேஸுனு எழுதக்கூட ஒண்ணுமில்ல."

நான் போய்க் காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டேன். அவர் வரவில்லை.

டிராக்ஸ்லர் கார் நின்றிருந்த இடத்தில் தரை நீள்சதுரமாகக் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் எல்லாம் நனைந்திருந்தது. பாஸ் அதன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் துளி நடுவில் விழுந்தது. பிறகு இங்கொன்று, அங்கொன்று. கொஞ்ச நேரத்தில் கார் எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் வந்து கதவைத் திறந்தார்.